பிந்தி வந்த பாட்டு

கம்ப்யூட்டரில் மணி பிந்துவது பெரிய வியாதி ஒன்றும் இல்லை, மேடம். கோவில்பட்டியில் என் கடைக்கு வருகிற பெட்டிகளில் பாதிக்கு அதுதான் கோளாறு. பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவருவார்கள், தீப்பெட்டி ஆபீஸில் இருந்து கொண்டுவருவார்கள். "நேத்து சரியா வச்சோம், இன்னைக்குப் பாத்தா பின்னால நிக்குது" என்பார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே பலகையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஒரு பாட்டரி இருக்கும். பெட்டியை அணைத்து வைத்திருக்கும் நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் பொறுப்பு. அது தளர்ந்துபோனால் கடிகாரமும் தளர்ந்து நடக்கும். பழசை நெம்பி எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டு, மணியைத் திருத்திவிட்டால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் கிடப்பது எங்கள் ஊர்க் கோயில் கம்ப்யூட்டரில் நான் போட்ட பாட்டரிதான். இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அது புதுசு இல்லை, பழசு. தெரிந்துதான் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்கிறீர்கள். அதற்கு என் வீட்டுக்காரர் செத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் எழுதிக்கொள்வீர்கள் என்றால் சொல்கிறேன். இதுவரை அதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை.

என் பெயர் முத்துச்செல்வி. பிறந்தது இடைசெவல் பக்கம். வாக்கப்பட்டது விளாத்திகுளம் போகிற ரோட்டில், ஊர்ப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து போக வேண்டிய ஒரு சின்ன ஊர். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்து வசவு. முன்பெல்லாம் பருத்தியும் மிளகாயும் போட்டார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். மக்காச்சோளம் வந்ததும் பின்னாலேயே காட்டுப்பன்றியும் வந்துவிட்டது. ஒரு கூட்டம் உள்ளே இறங்கினால் விடியும்போது புஞ்சை உழவு போட்ட மாதிரி கிடக்கும். விவசாயிக்கு வயிறு எரியத்தான் செய்யும். நானும் அப்படி ஒரு வீட்டில் பிறந்தவள்தான், எரிச்சலைக் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் பழைய சேலையைக் கட்டிவிட்டும் தகரத்தைத் தட்டியும் சமாளித்தார்கள். பரமசிவன் மட்டும் மோட்டார் ரூமிலிருந்து கரண்ட்டை இழுத்து, தன் புஞ்சையைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே ஒற்றைக் கம்பி கட்டினார். எனக்கு அவர் சின்ன மாமனார் முறை. மாமா என்றுதான் கூப்பிடுவேன். இப்போதும் அப்படித்தான் வாயில் வருகிறது.

என் வீட்டுக்காரர் காளீஸ்வரன் தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். ஒரு கார்த்திகை மாதம் நல்ல மழை பெய்து ஓய்ந்த நேரம், பஸ்ஸை விட்டு இறங்கி, பரமசிவன் புஞ்சையை ஒட்டிப் போகிற காட்டுவழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வரவில்லை. நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தார் ரோட்டு ஓரம் உடைமரத்தடியில் கிடந்தாராம். காலில் செருப்பு இருந்தது.

நீங்கள் எந்த ஊரோ தெரியாது. கரிசல் மண் நனைந்துவிட்டால் செருப்போடு நடக்க முடியாது. அடிக்கு அடி மண் ஏறிக் காலே தூக்க வராது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது எங்கள் பக்கம் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவர் காலில் முழங்கால் வரைக்கும் சகதி இருந்தது, செருப்பின் அடியில் பொட்டு மண் இல்லை. தூக்கி வந்தவர்கள் ரோட்டில் கிடந்த மாதிரி காட்ட வேண்டும் என்று அவசரத்தில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். கரிசலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கரிசல் மறந்துபோய்விட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது பார்த்தேன், இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு.

பரமசிவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார். "பூச்சி கடிச்சிருக்கு தாயி. ஈரத்துக்குக் கெளம்பி வரும்லா. போலீஸுன்னு போனா உடம்ப அறுத்துப் பொட்டலமாத்தான் குடுப்பாவ. பிள்ள நல்லபடியாப் போய்ச் சேரட்டும்." எங்கள் பக்கம் பாம்பைப் பெயர் சொல்லமாட்டோம், பூச்சி என்றுதான் சொல்வோம். நான் தலையை ஆட்டினேன். அப்போது தலை தானாக ஆடியது, நான் ஆட்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வள்ளிமயில் என்னோடு உட்கார்ந்து பாத்திரம் விளக்கினாள். பரமசிவன் புஞ்சையில் களை எடுக்கப் போகிறவள், சங்கிலிப்பாண்டியின் பெண்டாட்டி. சாம்பலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "மதினி, யார்ட்டயும் சொல்லிராதீக. அண்ணன வேலிக்கிட்ட இருந்துதான் தூக்கிட்டு வந்தாவ. என் வீட்டுக்காரரும் ஒரு கை பிடிச்சிருக்காரு. அன்னையிலருந்து சோறு எறங்க மாட்டேங்கு அவருக்கு." ஊரில் என்னிடம் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதை நான் மறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். கம்பி என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை, காளீஸ்வரன் என்றும் வரவில்லை. ஆனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். விளக்கு வைக்கிற நேரம், ஆறேகாலுக்கு, கோயில் குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டுப் போட வேண்டும். பாட்டு ஓடும்போது எல்லோரும் புஞ்சையை விட்டு ஏறிவிட வேண்டும். ஆறரைக்குப் பாட்டு முடிந்த பிறகுதான் பரமசிவன் கரண்ட் விட வேண்டும். பூச்சி கடித்துச் செத்தவனுக்காக எந்த ஊரில் மேடம் கரண்ட்டுக்கு நேரம் குறிப்பார்கள்? அந்தப் பாட்டுதான் அவர்கள் கொடுத்த ஒப்புதல். தினமும் சாயங்காலம் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒப்புக்கொண்டார்கள், ஆனால் என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பூசாரிக்கு மறதி. அதனால் தர்மகர்த்தா ஆறுமுகசாமி என் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்கு யாரோ சென்னைக்காரர் நன்கொடை கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, ரசீது போடுவதற்கு. நெட் கிடையாது. "நம்ம ஊர்ல இந்த வேல தெரிஞ்சவ நீதான் தாயி. நேரத்துக்குத் தானாப் பாடுத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடு" என்றார். நான் தாலி கழற்றி இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. யாருடைய சாவுக்காக அந்தப் பாட்டு வருகிறதோ அவன் பெண்டாட்டியிடமே வந்து கேட்கிறோம் என்பது அந்த மனுசனுக்கு உறைக்கவே இல்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். மறுநாளே போய்ச் செய்தும் கொடுத்தேன். நன்றாகத்தான் பாடியது.

ஒரு வெள்ளாமை முழுக்க ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்தத் தையில் பரமசிவன் எனக்கு உளுந்து அனுப்பினார், மூட்டையாக. வழியில் பார்த்தால் நின்று விசாரிப்பார். "கடையெல்லாம் எப்படிப் போகுது தாயி, எதுன்னாலும் மாமா இருக்கேன்" என்பார். நல்ல மனுசன் என்று ஊரே சொல்லும். அவர் ஏசியிருந்தால், அடித்து விரட்டியிருந்தால், என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் அன்பாக இருந்தார். கொன்றுவிட்டு அன்பாக இருக்கிறவனைப் பார்க்கும்போது உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் எரியும். உளுந்தை ஆடுகளுக்குப் போட்டேன். அவரிடம் ரொம்ப நன்றி மாமா என்றேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் அந்தக் கம்பியிலேயே விழ வேண்டும். கேஸ் போட்டால் ஜாமீனில் வந்து மறுபடி உளுந்து அனுப்புவார். என் வீட்டுக்காரர் கால் எந்தக் கம்பியில் கருகியதோ அதே கம்பியில் அவர் கையும் கருக வேண்டும், அவர் பெண்டாட்டியிடமும் யாராவது பூச்சி என்று சொல்ல வேண்டும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சோறு பொங்கும்போதும் பிரிண்டர் துடைக்கும்போதும் நிதானமாக யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன்.

அவருடைய பழக்கங்கள் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் புஞ்சைக்குள் இறங்கினால் பாட்டுக் கேட்கிற வரைக்கும் ஏறமாட்டார். பன்றித் தடம் பார்ப்பார், கதிர் ஒடிந்திருந்தால் நிமிர்த்தி வைப்பார். போனை மோட்டார் ரூமில் ஆணியில் பையோடு மாட்டிவிடுவார். காதுதான் அவருக்குக் கடிகாரம். முழங்கால் வலிக்காரர், கம்பியைத் தாண்ட காலை உயரத் தூக்க முடியாது. கையால் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவார். முதலில் பாட்டு முடியும்போது ஆள் வெளியில் வந்து, மோட்டார் ரூமுக்குச் சுற்றிப் போய் சுவிட்ச் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டைமர் மாட்டினார். ஆறரை ஆனால் தானாகக் கரண்ட் ஏறும்.

அந்த டைமர் வந்ததிலிருந்து பாட்டு ஒரு கடிகாரத்தில் ஓடியது, கரண்ட் ஒரு கடிகாரத்தில் ஓடியது. ஊரில் ஒருத்தரும் இதை யோசிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கரண்ட் வருகிறது, எனவே பாட்டுதான் கரண்ட்டைக் கொண்டுவருகிறது என்று நம்பிவிட்டார்கள். பாட்டுப் போடவில்லை என்றால் கம்பியில் கரண்ட் இல்லை. சின்னப்பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்லும். மாட்டின பரமசிவனே அப்படித்தான் நினைத்தார்.

இந்த வருசம் ஐப்பசியில் ஆறுமுகசாமி எனக்குப் போன் போட்டார். "தாயி, பாட்டு பிந்துது. நான் கையால திருத்திவிடுதேன், மறுநா பாத்தா பழையபடி பிந்துது. என்னன்னு வந்து பாரு" என்றார். மெனக்கெட்டுப் போனேன். கைப்பையில் புது பாட்டரிதான் கொண்டுபோனேன். கெட்ட எண்ணத்தோடு போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆறுமுகசாமிக்குக் கரண்ட் பில்லை நினைத்தாலே நடுக்கம். காலைப் பூசை முடிந்ததும் மெயினை அணைத்துவிடுவார், சாயங்காலம்தான் போடுவார். இடைப்பட்ட நேரமெல்லாம் அந்த வட்ட பாட்டரியின் தலையில்தான். அது தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன். கோயில் மேட்டில் இருக்கிறது. ஆபீஸ் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்தால் பரமசிவன் புஞ்சை கீழே அப்படியே தெரியும். மக்காச்சோளத்துக்கு நடுவில் அவர் தலையில் கட்டிய வெள்ளைத் துண்டு நகர்ந்துகொண்டிருந்தது. பாட்டுக்காகக் காத்திருக்கிறார். புது பாட்டரியைத் திரும்பக் கைப்பையில் போட்டுவிட்டேன். "மாமா, இதுக்குச் சரியான பாட்டரி கடையிலதான் இருக்கு, ஞாயித்துக்கெழம கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடையில் ஒரு டப்பா நிறையப் பழைய பாட்டரி கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பழைய பலகையில் போட்டு ஓடவிட்டுப் பார்த்தேன். முற்றிலும் செத்தது பயன்படாது, மணி ஒரேயடியாக நின்றுவிடும், ஊர் கண்டுபிடித்துவிடும். எனக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துகிற ஒன்று. தேடிப் பிடித்தேன். அதைத்தான் கோயிலில் போட்டேன். ஆறுமுகசாமி கையால் மணியைத் திருத்த முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டேன். "நீங்க கை வச்சுக் கெடுத்துராதீக மாமா, நானே வந்து பாத்துக்கிடுதேன்" என்றேன். அவருக்கு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன். ரொம்பப் பிந்தியிருந்தால் கொஞ்சம் முன்னால் தள்ளிவைப்பேன், கால் மணிக்கு மேலே, அரை மணிக்குக் கீழே நிற்கிற மாதிரி. அதற்கு மேல் போனால் சந்தேகம் வரும். கால் மணி நேரத்துக்குக் கீழே போனால் கரண்ட் ஏறுவதற்கு முன்னாலேயே பாட்டு வந்துவிடும், உபயோகம் இல்லை. பாட்டு பிந்துகிறது என்று பேச்சுவாக்கில் ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். பழைய பெட்டி, அப்படித்தான் என்றேன். இலவசமாக வந்து பார்க்கிறாளே என்று ஊர் என்னை மெச்சியது.

பரமசிவன் தப்பித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர் ஏறும் நேரம் ஊரிலேயே கரண்ட் இல்லை. ஒரு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு வாரக்கணக்கில் முழங்கால் வலி என்று புஞ்சைக்கே இறங்கவில்லை. இடையில் ஒரு வெள்ளாடு செத்தது. பாட்டுக்கு முன்னால் எப்படிச் செத்தது என்று பரமசிவனுக்கே குழப்பம். ஆடு வள்ளிமயிலுடையது. அவள் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். சினை ஆடு. நான் அவளுக்குப் பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பாட்டை நம்பாதே என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் அவள் எல்லோரிடமும் சொல்வாள். அவள் வாய் சும்மா இருக்காது, என் வீட்டுக்காரர் விசயத்தில் நான் பார்த்தவள்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் இருந்தேன். மத்தியானம் மழை. அந்த வாரம் ராத்திரியிலும் கரண்ட் போய்ப் போய் வந்தது, அதனால் கடிகாரம் வழக்கத்தைவிட அதிகமாகவே பின்தங்கியிருந்தது. நான் திருத்தவில்லை. பரமசிவன் அன்று புஞ்சையில் இருந்தார், ஜன்னலில் துண்டு தெரிந்தது. என் போனில் ஆறரை தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் ஆறேகால்கூட ஆகவில்லை. ஆறுமுகசாமி வெளிப் பிராகாரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. என் மனசு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் வள்ளிமயில் வாசல் பக்கம் வந்து தலையை நீட்டினாள். கையில் செருப்பு, காலெல்லாம் சகதி. "மதினி, இன்னும் பாட்டுப் போடலையா? வேலிக்குள்ள கீழ வரப்போரம் புல்லுக்கட்டு கெடக்கு, மழைல நனைஞ்சுபோயிரும். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருதேன்" என்றாள்.

"இன்னும் போடலை வள்ளி" என்றேன். பாட்டுப் போடவில்லை என்பது உண்மைதான். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.

பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவைதான். முதலில் அது பரமசிவன் என்று நினைத்து எழுந்தேன். பிறகு பார்த்தால் வெள்ளைத் துண்டு மோட்டார் ரூமைப் பார்த்து ஓடுகிறது. மோட்டார் ரூமின் உள்பக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சுவிட்சை அணைக்க ஓடினாராம். அணைத்தும் பயனில்லை. அவர் கம்பியைத் தொடவே இல்லை, மேடம். அவளால் தப்பித்துவிட்டார்.

ஆட்கள் கூடினார்கள். பரமசிவன் வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். ஆறுமுகசாமி மெல்லத் தொடங்கினார். "பூச்சியா இருக்கும்ப்பா. ஈரம் வேற. ரோட்டுப் பக்கம் தூக்கிருவோம்." ஒருத்தர் என்னைப் பார்த்து, நீ என்ன தாயி சொல்லுத என்று கேட்டார். என் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தரைப் பூச்சி கடித்திருக்கிறது இல்லையா, என் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. "பூச்சியாத்தான் இருக்கும்" என்றேன். போலீஸ் வந்தால் கம்பியை அவிழ்த்துவிடுவார்கள், அப்புறம் பரமசிவன் எதில் விழுவார். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. வள்ளியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

பெண்டாட்டியின் தலையை மடியில் வைத்திருந்த சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தான். எல்லோரையும் பார்த்தான், கடைசியாக என்னையும் பார்த்தான். "போன தடவ நானும் சேந்துதான் தூக்குனேன். காளி அண்ணனுக்குச் செருப்ப மாட்டுனது நான்தான். இந்தத் தடவ ஒருத்தனும் இவளத் தொடக்கூடாது. தொட்டா வெட்டிருவேன்" என்றான். அவளைக் கிடந்தபடியே விட்டுவிட்டு உங்களுக்குப் போன் போட்டான். நான் செய்திருக்க வேண்டியதை அவன் செய்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொல்கிறேன்.

பரமசிவன் உங்களிடம் அழுதார் என்றீர்கள். காளீஸ்வரனையும் வள்ளிமயிலையும் நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலம் கொடுத்தாராம். என் வீட்டுக்காரர் பெயரை அவர் வாயால் சொன்னார் என்று கேட்டபோது கொஞ்சம் நெஞ்சு ஆறியது, மறுக்கவில்லை. ஆனால் அழுதால் மனுசனுக்குப் பாரம் குறைந்துவிடும். நாலு வருசம் உள்ளே இருந்துவிட்டு நல்ல மனுசனாகவே திரும்பி வருவார், ஊரும் பாவம் என்று சொல்லும். அவர் இன்னும் மூச்சு விடுகிறார். எனக்கு அந்த ஒரு குறைதான்.

வள்ளியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கெட்டிக்காரி. படிப்பு முடிந்ததும் அவளைக் கடையில் சேர்த்துக்கொள்ளலாம், ஹார்டுவேர் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னைப் பிடித்து வைத்துவிட்டால் அதற்கு வழி இல்லை. அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்ய ஆள் இல்லாமல் போகும். யோசித்துக்கொள்ளுங்கள்.

டைமரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பரமசிவன் சொல்லியிருப்பார். ஆமாம், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பாட்டரி கெடுவதற்கு ரொம்ப முன்னால். "மாமா, இந்த முழங்கால வச்சுக்கிட்டு தெனமும் சுத்திப் போகணுமா, தானா ஏறுத மாதிரி ஒண்ணு மாட்டிருங்க" என்றேன். கோவில்பட்டியில் எலக்ட்ரிக்கல் கடையில் கரண்ட் போனாலும் மணி தவறாததாகக் கேட்டு வாங்கினேன். ஆறரைக்கு வைத்து, எப்படி மாட்ட வேண்டும் என்று அவருக்குக் காட்டியதும் நான்தான். கோயில் பாட்டரியும் ஒருநாள் தளரும், எல்லாப் பாட்டரியும் தளரும், எனக்கு அவசரம் இல்லை. கெட்ட எண்ணத்தோடு போகவில்லை என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்னேன். அதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். வள்ளி வாசலில் இருந்து போனதற்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் நேரம் இருந்ததா என்று. இருந்தது. மேட்டிலிருந்து சகதியில் காலை ஊன்றி ஊன்றித்தான் இறங்கிப் போனாள், ஜன்னலில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோயில் மைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது, சுவிட்சும் போட்டுத்தான் இருந்தது. "வள்ளி, கரண்ட் ஏறிட்டு, தொடாத" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நின்றிருப்பாள். ஆனால் குழாயில் சொன்னால் பரமசிவனுக்கும் கேட்டிருக்கும்.